பதினான்கு புள்ளி இரண்டு

சென்ற மாதம் கவிதா போன் செய்தாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு வாரிய அலுவலகம், அதில் வாகனப் பிரிவுக் கண்காணிப்பாளர். வாரியத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஓய்வூதியம் அங்கிருந்துதான் வருகிறது.

"மேடம், எட்டு ஒப்பந்தக் கார் ஓடுது. ஏழு காருக்கு மைலேஜ் மார்ச்சுல இருந்து இறங்கிக்கிட்டே வருது. ஒண்ணு மட்டும் அப்படியே நிக்குது. இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் ஜாஸ்தி, அதனாலதான்னு டிரைவருங்க சொல்றாங்க. புதுசா வந்த சார் நம்ப மாட்டேங்கறார். ஏழு பேருக்கு மெமோ, ஒருத்தருக்குப் பாராட்டுக் கடிதம், ரெண்டையும் இந்த வாரமே அனுப்புங்கறார். யாரு மேடம் திருடுறா?"

"எந்த மாசம் ரொம்ப இறங்கியிருக்கு?"

"மே."

"அப்ப மே மாசம்தான்."

ஓய்வு பெற்றவர்களின் மனநிலையைப் பற்றி அவள் யோசித்திருக்கலாம். எத்தனால் தன் பங்குக்குக் கொஞ்சம் குறைக்கத்தான் செய்யும் என்றேன். ஆனால் ஏழு காரில் வேலை செய்யும் எத்தனால் எட்டாவது காரில் மட்டும் ஏன் விடுப்பில் இருக்கிறது என்று கேட்டேன். அவளுக்கு முழுதாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் போனில் முடியாது. எனவே இதை எழுதுகிறேன்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பதினோரு ஆண்டுகள் வாகனப் பிரிவை நடத்தினேன். இயற்பியலில் முதுகலைப் பட்டம் வாங்கி, தேர்வு எழுதி, வாரியத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் ஆறு ஆண்டுகள் தபால் பதிவேட்டில் எண் போட்டேன். அதற்குப் பிறகு வேறு பதிவேடுகளில் எண் போட்டேன். கண்காணிப்பாளராக உயர்வு வந்தபோது, "நீங்க பிசிக்ஸ் படிச்சவங்க, வண்டியெல்லாம் புரியும்" என்று சொல்லி வாகனப் பிரிவைக் கொடுத்தார்கள். அங்கேயும் எண்தான்.

அங்கே ஒவ்வொரு காருக்கும் ஓர் எண் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இந்தக் கார் இத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று சோதித்து, சான்று வாங்கி, லாக் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டி, முத்திரை வைத்திருப்போம். டிரைவர் தினமும் எங்கே போனார், எவ்வளவு ஓடியது, எவ்வளவு போட்டார் என்று எழுதுவார். மாதக் கடைசியில் நான் கூட்டி வகுப்பேன். எண்ணை எட்டினால் கையெழுத்து. எட்டாவிட்டால் விளக்கம் கேட்டு மெமோ. தொடர்ந்து மூன்று மாதம் எட்டாவிட்டால் எரிபொருள் முறைகேடு என்று குற்றச்சாட்டுக் குறிப்பாணை. விதி அவ்வளவுதான். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிழை அங்கேதான் இருந்தது. சோதனைக்கு முன்தினம் நான்கு டயரிலும் காற்று பார்க்க வேண்டும். பெட்ரோல் பங்கில் சமதளமான இடத்தில் காரை நிறுத்தி, டேங்கின் வாய்வரை பெட்ரோல் நிரப்ப வேண்டும். மூடியின் மேல் காகிதம் ஒட்டி அதிகாரி கையெழுத்திட வேண்டும். ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டி வந்து, அதே பங்கில், அதே குழாயில், கார் முன்பு நின்ற அதே திசையில் நிறுத்தி, காகிதத்தைக் கிழித்து, மறுபடி வாய்வரை நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ அதுதான் கார் குடித்தது. வகுத்து, தேய்மானத்துக்கென்று கொஞ்சம் கழித்தால் எண் வந்துவிடும். குரோம்பேட்டையில் பட்டறை வைத்திருந்த ஜாபர் பாய்தான் எங்களுடைய அங்கீகரிக்கப்பட்ட மெக்கானிக். அவர் சான்றில் கையெழுத்திடுவார்.

இதில் ஒரு குறையும் கிடையாது. எப்போது செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. சோதனைச் செலவுக்கான ஒப்புதல் ஆண்டுதோறும் டிசம்பர் கடைசியில்தான் வரும். ஆகவே பொங்கல் முடிந்த வாரம், காலை ஆறு மணிக்கு, பெருங்களத்தூரிலிருந்து கிளம்பும் புறவழிச் சாலையில், ஏ.சி.யைப் போடாமல் ஓட்டிப் பார்ப்போம். ஜனவரி காலை ஆறு மணிக்குத் தாம்பரத்தில் மனிதர்கள்கூட நன்றாக ஓடுவார்கள். அந்த எண் டிசம்பர் வரை செல்லும்.

எங்கள் நிர்வாக அலுவலரின் காருக்கு வந்த எண் பதினான்கு புள்ளி இரண்டு.

நிர்வாக அலுவலர் நேர்மையானவர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டுவருவார். மனைவியை ஒரு நாளும் அலுவலகக் காரில் ஏற்றியதில்லை. எந்தக் காகிதத்தையும் வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்துத்தான் படிப்பார். ஸ்கேல் நகரும் வேகத்தை வைத்து, எதிரே நிற்பவர் தன் எதிர்காலத்தைக் கணித்துக்கொள்ளலாம். கோப்பில் சம்மதம் என்றோ மறுப்பு என்றோ எழுதமாட்டார். பச்சை மையில் "பேசுக" என்று எழுதுவார். பேசப் போனால் பேசமாட்டார். நாம் பேசி முடிக்கும்வரை ஸ்கேலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, இதையே எழுதிக் கொண்டாங்க" என்பார். எழுதிக் கொண்டுபோனால் "பேசுக."

அந்தப் பச்சை மையால் அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. வியர்வை பட்டால் எழுத்து கலைந்துவிடும். காரில் கோப்பு பார்க்கும் வழக்கம் உள்ளவர். எனவே அவர் ஏறும்போது கார் குளிர்ந்திருக்க வேண்டும், இறங்கிப் போய்விட்டுத் திரும்பும்போதும் குளிர்ந்திருக்க வேண்டும்.

பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டி, இறங்கும் என்ற பேச்சும் ஓய்ந்திருந்த நேரம். விலை தினமும் காலை ஆறு மணிக்கு மாறும் என்பதால் எங்கள் காலனியில் பாதிப் பேர் அந்த நேரத்தில் பங்க் வாசலில் நிற்பார்கள். மீதிப் பேர், குளிர்ந்த பெட்ரோல் அடர்த்தி அதிகம், காலையில் போட்டால் லாபம் என்று நிற்பார்கள். பங்கின் டேங்க் பூமிக்கு அடியில் இருக்கிறது. விடிந்தது அதற்குத் தெரியாது. இதை இரண்டொருவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் இப்போது என்னிடம் பேசுவதில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து எரிபொருள் சிக்கனச் சுற்றறிக்கை வந்தது. நிர்வாக அலுவலர் ஸ்கேல் வைத்துப் படித்தார். மறுநாள் ஒன்பது கார்களின் லாக் புத்தகங்களும் அவர் மேசைக்குப் போயின. எட்டுப் புத்தகங்கள் திரும்பி வந்தன. அவருடைய காரின் புத்தகம் மட்டும் வரவில்லை. மார்ச் பன்னிரண்டு புள்ளி ஆறு. ஏப்ரல் பதினொன்று புள்ளி எட்டு. மே பதினொன்று புள்ளி நான்கு. மூன்று மாதம்.

அந்தக் காரின் டிரைவர் ஏகாம்பரம். ஜூன் முப்பதாம் தேதி அவருக்கு ஓய்வு. குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால் ஓய்வு பெறும் நாளன்று மாலை போடுவதற்காக ஒரு மாலையும், கொடுப்பதற்காக ஒரு தற்காலிகப் பணிநீக்க உத்தரவும் தயாராக இருக்கும். மாலை பெரும்பாலும் ரத்தாகிவிடும். விசாரணை முடியும்வரை முழு ஓய்வூதியம் வராது. விசாரணை முடிவதற்குள் வேறு எல்லாம் முடிந்துவிடும். அப்படி மூன்று பேரை நான் பார்த்திருக்கிறேன். மூன்று பேருமே கடைசிவரை, தெருவில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் வழக்கை விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

மெமோவில் கையெழுத்திட்டது நான்தான். ஏகாம்பரம் அதை வாங்கிப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"இன்னா மேடம், பெட்ரோல நான் குடிச்சுட்டன்னு எழுதிக்கிறீங்க?"

"அப்படி எழுதல. மைலேஜ் குறைஞ்சிருக்கு, விளக்கம் கொடுங்கன்னு எழுதியிருக்கு."

"அத்த ரெண்டு வாட்டி படிச்சா அதான் வருது." மெமோவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஓடுனது எவ்ளோ, ஊத்துனது எவ்ளோ, கீறத கீறமாரி எழுதினேன். அதுக்கு மேக்கப் போட எனக்கு வராது."

நிர்வாக அலுவலரிடம் போனேன். அவர் வழக்கத்துக்கு மாறாகத் தானே பேசினார்.

"அந்த ஆளுக்குப் பீர்க்கன்கரணைல நாலு வீடு இருக்காமே. டிரைவர் சம்பளத்துல நாலு வீடு எப்படிம்மா?"

ஏகாம்பரத்தின் குடும்பம் பீர்க்கன்கரணை ஏரியைச் சுற்றிப் பயிர் வைத்திருந்த குடும்பம். கழனி மனையானபோது அவர் பங்குக்கு வந்த இடத்தில் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். எங்கள் கணக்குப் பிரிவு உதவியாளர் அதில் ஒரு வீட்டில்தான் குடியிருந்தார். வாடகை என் சம்பளத்துக்குப் பக்கத்தில் வரும் என்று கேள்வி. அரசு வேலையை விடக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டுப் போனதால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

இதைச் சொன்னேன். ஒரு கணக்கும் சொன்னேன். குறைந்ததாகக் காட்டும் பெட்ரோல் முழுவதையும் அவர் விற்றிருந்தாலும், கோடை மூன்று மாதத்துக்கு ஆண்டுக்கு ஐயாயிரம் சொச்சம் ரூபாய். இன்றைய விலையில் நான்கு வீடு வாங்க அவர் சங்க காலத்துக்கு முன்பே திருடத் தொடங்கியிருக்க வேண்டும்.

ஸ்கேல் நின்றது. "வெள்ளிக்கிழமை தபால்ல தலைமை அலுவலகத்துக்குப் போகணும். குறிப்பாணை வரைவு போடுங்க" என்றார்.

அன்று செவ்வாய்க்கிழமை.

வரைவு போடுவதற்காக ஏகாம்பரத்தின் பழைய லாக் புத்தகங்களை எடுத்து வரச் சொன்னேன். முன்குற்றங்களைச் சேர்ப்பது முறை. மூன்று ஆண்டுப் புத்தகங்கள். பார்க்கப் பார்க்க எனக்கு அசௌகரியமாக இருந்தது. ஜனவரியில் பதினான்கரை. பிப்ரவரியில் பதினான்கு. மார்ச்சில் இறங்கத் தொடங்கி மே மாதத்தில் அடியைத் தொட்டு, ஆகஸ்டில் ஏறி, நவம்பரில் மழைக்கும் முடிச்சூர்ச் சாலைத் தண்ணீருக்கும் மறுபடி இறங்கி, ஜனவரியில் பழைய இடத்துக்கு வந்திருந்தது. மூன்று ஆண்டும் அதே வளைவு. அதிகாரியின் கார் என்பதால், சுற்றறிக்கை வரும்வரை அந்தப் புத்தகத்தை மட்டும் நான் வகுத்துப் பார்த்ததில்லை. வரைந்து பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். திருடுபவர் இவ்வளவு ஒழுங்காகப் பருவம் பார்த்துத் திருடமாட்டார்.

பிறகு மற்ற எட்டுக் கார்களின் புத்தகங்களை எடுத்தேன். ஒவ்வொன்றும் தன் எண்ணிலேயே நின்றது. பதின்மூன்று புள்ளி எட்டு, பதின்மூன்று புள்ளி ஒன்பது, பதின்மூன்று புள்ளி எட்டு. ஜனவரியிலும் அதுதான், கத்திரியிலும் அதுதான், புயலன்றும் அதுதான். அந்தக் கார்கள் வேறு ஏதோ ஊரில் ஓடிக்கொண்டிருந்தன.

அன்று மாலையே ஜாபர் பாயின் பட்டறைக்குப் போனேன். அவர் ஒரு காரின் அடியில் இருந்தார். வெளியே வராமலே பேசினார்.

"பாய், எட்டு வண்டி வருஷம் பூரா ஒரே மைலேஜ் கொடுக்குமா?"

"குடுக்காது மேடம்."

"எங்க வண்டி கொடுக்குதே."

"உங்க வண்டி குடுக்கல. உங்க புக்கு குடுக்குது." ஸ்பானர் ஒன்று கீழே விழுந்த சத்தம் கேட்டது. "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுகினு இருந்தேன். தெரியாதா? அய்யய்யோ."

பிறகு வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். குளிர்மாதத்தில் காருக்கு அறுபது லிட்டர் போதும். எங்கள் எண்படி அலுவலகத்தில் அறுபத்துநாலுக்குப் பெட்ரோல் சீட்டு வாங்குவார்கள். பங்கில் அறுபது போட்டுக்கொண்டு, மிச்சம் நாலை டிரைவர் பெயரில் நோட்டில் எழுதி வைப்பார்கள். மே மாதம் சீட்டு அறுபத்துநாலுக்குத்தான், ஆனால் கார் எழுபத்தைந்து கேட்கும். நோட்டில் கிடப்பதை அப்போது எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். யாரும் ஒரு சொட்டு வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஆண்டுக் கணக்கு சரியாக இருக்கும். மாதங்கள் மட்டும் பொய்.

"ஏகாம்பரம் ஏன் அப்படிச் செய்யல?"

"சொல்லிப் பாத்தாங்க. 'குளுருக்கு எடுத்து வச்சு வெயிலுக்கு ஊத்த நான் இன்னா ஊறுகாயா போடறேன்'னு கேட்டாராம்." பாய் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆனா மேடம், பசங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது. மீட்டிங்ல நீங்கதான் அவங்க புக்கக் காமிச்சு, 'பாருங்க, எவ்ளோ சீரா கீது'ன்னு சொன்னீங்களாம்" என்றார்.

சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். அந்தச் சீரைக் காட்டித் தணிக்கையில் எங்கள் பிரிவு நற்பெயரும் வாங்கியது. கோடையிலும் குளிரிலும் மாறாத ஓர் அளவைப் பார்த்து ஓர் இயற்பியல் பட்டதாரி அத்தனை ஆண்டுகள் சந்தேகப்படவில்லை. மாறிய ஒரே அளவைப் பார்த்து மெமோ கொடுத்தாள்.

புதன்கிழமை காலை நிர்வாக அலுவலரிடம் ஒரு குறிப்பு வைத்தேன். குற்றச்சாட்டுக்கு முன் வாகனத்தை மறுசோதனை செய்ய விதி இடம் தருகிறது. சோதனை எந்த மாதத்தில் என்று விதி சொல்லவில்லை. எனவே இப்போதே செய்யலாம். வாகனம் அன்றாடம் ஓடும் வழியில், அன்றாடம் ஓடும் முறையில். பொறுப்பு அலுவலர் உடன் வர வேண்டும். குற்றம் சாட்டப்படுபவர் ஓட்டக் கூடாது, உடனிருக்கலாம். ஸ்கேல் ஒவ்வொரு வரியின் அடியிலும் நின்று கிளம்பியது. விதியில் இருப்பதை அவர் ஒருபோதும் மறுத்ததில்லை. "பேசுக" என்றுகூட எழுதாமல் கையெழுத்திட்டார். அவரும் திருட்டைப் பிடிக்கத்தான் போகிறோம் என்று நினைத்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை டேங்க் நிரப்பி, மூடிக்குக் காகிதம் ஒட்டி, அவர் பச்சை மையில் கையெழுத்திட்டார். அதோடு அவரை வீட்டில் விட்டுவிட்டோம். "சார், தினமும் எப்படிக் கிளம்புவீங்களோ அப்படியே கிளம்புங்க. சோதனைன்னு நினைக்காதீங்க" என்றேன். ஜாபர் பாய் ஓட்டினார். பக்கத்து இருக்கையில் ஏகாம்பரம். முப்பது ஆண்டுக்குப் பிறகு முதல்முறையாக அந்தப் பக்கம் உட்காருகிறவர் என்பதால் வழி முழுவதும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். பின்னால் நான், மடியில் நேரத்தாள்.

குரோம்பேட்டையில் நிர்வாக அலுவலர் வீட்டு வாசலில் ஏ.சி.யைப் போட்டுப் பதினைந்து நிமிடம் நின்றோம். எழுதினேன். ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் வரை பெரும்பாலும் முதல் கியர். எழுதினேன். அலுவலகத்தில் அவர் கோப்பு எடுத்து வரும்வரை பன்னிரண்டு நிமிடம். அங்கிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் கிளை அலுவலகம். கத்திரி முடிந்திருந்தது, ஆனால் வெயிலுக்கு அந்தத் தகவல் போகவில்லை.

கோவளத்தில் அவர் இறங்கும்போது, "வண்டியை ஆஃப் பண்ணாதீங்க. பத்தே நிமிஷம்" என்றார். நாற்பத்தோரு நிமிடம் ஆனது.

மீன் ஏலம் முடிந்து கூடையோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண் காரின் பக்கத்தில் நின்றாள். ஏகாம்பரம் கண்ணாடியை இறக்கினார்.

"இன்னாண்ணா, காரு நின்னுகினே ஓடுது? பெட்ரோலு உங்க வூட்ல காய்க்குதா?"

"டெஸ்ட் நடக்குதும்மா."

"இன்னா டெஸ்ட்டு?"

"சும்மா நின்னா எவ்ளோ குடிக்கும்னு."

"அதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் வந்தீங்க? எங்க வூட்டுக்காரர கேட்டா சொல்லிருப்பாரே" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜாபர் பாய் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். ஏகாம்பரம் கண்ணாடியை ஏற்றினார், குளிர் போய்விடக் கூடாதென்று.

பங்குக்குத் திரும்பி, அதே குழாய், அதே திசை, காகிதத்தைக் கிழித்து நிரப்பினோம். ஓடியது எழுபத்தாறு கிலோமீட்டர். பிடித்தது ஏழு லிட்டர். பத்து புள்ளி ஒன்பது.

ஏகாம்பரம் மே மாதத்துக்கு எழுதியிருந்தது பதினொன்று புள்ளி நான்கு. எங்கள் சோதனையைவிட அவர் நன்றாகவே ஓட்டியிருந்தார். தனியாக வரும்போது ஏ.சி.யை நிறுத்திவிடுவாராம். யாரும் அதைக் கேட்டதில்லை, எழுத அந்தப் புத்தகத்தில் கட்டமும் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். வெயிலால் என்ஜினுக்குக் கெடுதல் இல்லை. சொல்லப்போனால் சூடான என்ஜின் சிக்கனமாகவே ஓடும். வெயில் அதிகாரியைத் தாக்குகிறது, அதிகாரி ஏ.சி.யைத் தாக்குகிறார், ஏ.சி. பெட்ரோலைத் தாக்குகிறது. டிரைவர் இந்த வரிசையில் எங்கும் இல்லை. மெமோ மட்டும் அவருக்கு.

நேரத்தாளில் இப்படி எழுதியிருந்தேன்: "இயந்திரம் இயக்கத்தில், வாகனம் நிலையில், அலுவலர் வரவை எதிர்நோக்கி: மொத்தம் அறுபத்தெட்டு நிமிடங்கள்." பொறுப்பு அலுவலர் என்ற இடத்தில் அவர் கையெழுத்திட வேண்டும். அந்த வரியில் ஸ்கேல் வந்து நின்றது. அங்கேயே இருந்தது. பிறகு ஓரத்தில் "பேசுக" என்று எழுதினார்.

"பேசுங்க" என்றார்.

"ஏகாம்பரம் எழுதினது சரி, சார்."

"ஒருத்தர் சரின்னா எட்டுப் பேர் தப்பு."

"ஆமா சார்."

"எட்டுப் பேரையும் சரின்னு சொன்ன கண்காணிப்பாளர்?"

"நானும் தப்பு, சார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "மாசாமாசம் மேலொப்பம் போட்டது?"

மேலொப்பம் பச்சை மையில்தான் இருந்தது.

அன்று அவர் பேசினார். நான் பார்த்த வரையில் அவர் தொடர்ச்சியாகப் பேசியது அன்று மட்டும்தான். கோடைக்கு ஓர் எண், மழைக்கு ஓர் எண், பனிக்கு ஓர் எண் என்று மூன்று அளவு நிர்ணயிக்கலாம். இனி வருங்காலத்துக்கு மட்டும். பழைய புத்தகங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும். அறுபத்தெட்டு நிமிடம் இனி இருக்காது, அதை அவர் பார்த்துக்கொள்வார். குற்றச்சாட்டுக் குறிப்பாணை தேவையில்லை. ஆனால் மெமோ போய்விட்டது. போன மெமோவைத் திரும்பப் பெற்றால் ஏன் என்று எழுத வேண்டும். எழுதினால் எட்டுப் புத்தகமும் வெளியே வரும்.

"வருத்தம் தெரிவிச்சு ஒரு வரி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. இனி இப்படி நடக்காதுன்னு ஒரு வரி. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள வந்துட்டா கோப்பை முடிச்சிடலாம். வரலேன்னா எனக்கு வேற வழியில்ல."

கார் நிறுத்தும் கொட்டகைக்குப் போய் ஏகாம்பரத்திடம் சொன்னேன். மற்ற டிரைவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று, கேட்காததுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா தப்பு பண்ணேன்னு எழுதணும்?"

"தப்புன்னு எழுத வேண்டாம். வருத்தம்னு எழுதினா போதும்."

"எதுக்கு வருத்தம்? வெயில் அடிச்சதுக்கா?"

"ஏகாம்பரம், ஜூன் முப்பது..."

"எனக்கு வாடக வருது மேடம். பென்சன் வரலன்னா சோத்துக்கு சாவ மாட்டேன். ஆனா எங்க தெருவுல நாளைக்கு இன்னா சொல்வான்? பெட்ரோல் திருடி மாட்னான்னுவான். நாலு வூட்டயும் காட்டிக் காட்டிச் சொல்வான்." ஒரு துணியை எடுத்துக் கார்க் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

நானே எழுதி நீட்டியிருக்கலாம். கையெழுத்து மட்டும் போடச் சொல்லியிருக்கலாம். அந்த அலுவலகத்தில் பாதி வருத்தங்கள் அப்படி வந்தவைதான். ஆனால் அவர் புத்தகத்தைத் தவிர மற்ற எட்டிலும் சரி என்று கையெழுத்திட்ட கை அது. நீட்ட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு அவர் வந்தார். நான்காக மடித்த ஒரு தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதில் மூன்று வரிகள்.

"ஐயா, தங்கள் மெமோவுக்கு விளக்கம். மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் வெயில் அடித்ததற்கு வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். ஜூன் முப்பதாம் தேதிக்குப் பிறகு எனது பணியில் இவ்வாறு நிகழாது என்று உறுதி கூறுகிறேன்."

எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். நிர்வாக அலுவலர் ஸ்கேல் வைத்தார். முதல் வரி. இரண்டாம் வரியில் வருத்தம் இருந்தது. மூன்றாம் வரியில் உறுதி இருந்தது. கேட்ட இரண்டும் இருந்தன. ஸ்கேலை மறுபடி மேலே கொண்டுபோய் இன்னொரு முறை இறக்கினார். அவர் முகத்தில் எனக்குப் படிக்கத் தெரிந்த எதுவும் இல்லை. பேனாவைத் திறந்து பச்சை மையில் எழுதினார்: "பார்த்தேன். வருத்தம் ஏற்கப்படுகிறது. கோப்பு முடிக்கப்படுகிறது."

ஜூன் முப்பது மாலை ஏகாம்பரத்துக்கு மாலை போட்டோம். நிர்வாக அலுவலரே போட்டார். அன்று அலுவலகக் காரில் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவது வழக்கம். பீர்க்கன்கரணை வரை ஏகாம்பரம் பின் இருக்கையில் உட்கார்ந்து போனார். ஏ.சி.யைப் போடவிடவில்லை என்று மறுநாள் ஓட்டிப்போன டிரைவர் சொன்னார்.

மூன்று பருவ அளவுகள் நடைமுறைக்கு வந்தன. அடுத்த ஆண்டு எட்டுப் புத்தகங்களையும் விரித்துப் பார்த்தேன். முன்பு ஒரே கோடாக இருந்தது இப்போது மூன்று படிகளாக இருந்தது. ஒவ்வொரு படியும் சமதளம். பங்கில் இன்னொரு நோட்டு வாங்கியிருப்பார்கள். அந்த முறை கையெழுத்திடாமல் எட்டையும் திருப்பி அனுப்பினேன். நான் ஓய்வு பெறும்வரை டிரைவர்கள் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. புத்தகங்கள் மட்டும் மெல்ல மெல்ல மேடு பள்ளமாயின.

ஏகாம்பரத்தின் கடிதத்துக்கு ஒரு நகல் என்னிடம் இருந்தது. கவிதா முதலில் போன் செய்த மறுநாள் மறுபடி கூப்பிட்டாள். மூன்று பருவ அளவுகளையும் புது சார் மறுபடி ஒன்றாக்கிவிட்டாராம். ஏழு மெமோவும் போய்விட்டன, டிரைவர்கள் என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் நிற்கிறார்கள், ஏதாவது மாதிரிப் படிவம் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன். தேதியை மட்டும் மறைத்துப் படம் எடுத்து அனுப்பினேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. ஏழு பேரும் வெயில் அடித்ததற்கு வருத்தம் தெரிவித்துவிட்டார்கள்.

எட்டாமவர் தெரிவிக்கவில்லை. அவர் ஓட்டிய சாலையில் வெயில் அடித்ததாகப் பதிவே இல்லை. அவருக்கான பாராட்டுக் கடிதம் இன்னும் கவிதாவின் மேசையில்தான் இருக்கிறதாம். முதலில் அவர் பெட்ரோல் போடும் பங்குக்குப் போய், நோட்டைக் காட்டச் சொல் என்றேன்.